உள்ளே போட்ட கழித்தல் குறி

இன்று காலை அம்மா பிரிட்ஜ் கதவை அறைந்து மூடியதில் நீ வாங்கிக் கொடுத்த கோபுரம் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. கோபுரம் என்றால் பிளாஸ்டிக் கோபுரம். சந்நிதித் தெருக் கடையில் சாவிக்கொத்துக்கும் குங்குமச் சிமிழுக்கும் நடுவில் தொங்குமே, அந்தப் பிரிட்ஜ் காந்தம். "காந்தத்தைப் பத்தி இத்தினி வருஷமா படிக்கிறோம், நம்மாண்ட ஒரு காந்தங்கூட இல்லியேடி" என்று சொல்லி ஆளுக்கு ஒன்று வாங்கினாய். அம்மா குனிந்து துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "காந்தம் நல்லாத்தான் இருக்குது, கோபுரந்தான் போச்சு" என்று அதன் முதுகை மட்டும் மறுபடியும் கதவில் ஒட்டி, கேஸ் ரசீதைச் செருகினார். உனக்கு எழுத வேண்டியதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

நல்லதாக எதையும் எதிர்பார்க்காதே. போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் போனவர்களைப் புகழ்வார்கள், தாங்களும் கொஞ்சம் நல்லவர்களாகத் தெரியும்படி எழுதிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கைவேலை வராது. நான் உனக்குச் செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதப்போகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "ஓரிக்கையா? வயக்காட்டையே ஒட்டிக்கினு வந்திருக்கியே" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. மறுநாள் உன் டிபன் பாக்ஸில் இருந்த காஞ்சிபுரம் இட்லியை நீட்டினாய், பேசிவிட்டேன். என் அப்பாவுக்குப் பாலாற்றங்கரையில் நிலமும் ஒரு கட்சியில் சின்னப் பதவியும். உன் அப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்ளேயே தறி. இரண்டு வீட்டிலும் இயற்பியல் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே நாம் எதைப் படித்தாலும் தடுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

சென்னையில் ஒரே கைடிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். காந்தவியல், அதிலும் கோட்பாட்டுப் பக்கம். அதாவது காந்தத்தைக் கையால் தொடாத காந்த ஆராய்ச்சி. நமக்கு வேண்டியது ஒரு கரும்பலகை, ஒரு கணினி, மூன்றாவது டம்ளர் டீ. காலையில் போனதும் உலகத்தில் வேறு யாராவது நம் வேலையை நமக்கு முன்னால் செய்து வெளியிட்டுவிட்டார்களா என்று பார்ப்போம். செய்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. செய்யவில்லை என்றால், யாருமே செய்யாத அளவுக்கு இது உதவாத வேலையோ என்று சந்தேகம் வரும்.

உன் வீட்டில் இதை விளக்க நீ பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. மூன்று காந்தங்களை ஒரு முக்கோணத்தின் மூலைகளில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதற்கு எதிர்த்திசையில்தான் நிற்க வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டும் எதிரெதிராக நின்றுவிடும். மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவரோடு ஒத்துப்போகிற மாதிரி ஆகிவிடும், பாவம். "இதுக்குப் பேரு ஃப்ரஸ்ட்ரேஷன்மா. நான் அதைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றேன்" என்றாய். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த உன் அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: "அதுக்கு எதுக்கு மெட்ராஸ் போவணும்? இந்த வூட்லியே இருக்குதே, உங்கப்பாவப் பாரு." தறியிலிருந்து உன் அப்பா, "நான் என்னா பண்ணேன் இப்போ?" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

இன்னொரு நாள் உங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காந்தம் படிக்கிற பொண்ணுங்கதானே நீங்க? இந்த ஜரிகை அசலா டூப்பான்னு காந்தம் வெச்சுப் பாத்து சொல்லுங்கபா." வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, அதனால் நம்மால் எதையும் சொல்ல முடியாது என்று நீ பொறுமையாக விளக்கினாய். "அப்போ எதுக்குத்தான் படிக்கிறீங்க?" என்றார் அவர். "அதான் எங்களுக்கும் தெரியலக்கா" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எலக்ட்ரான், சுழற்சி, குவாண்டம் என்று அந்த அக்காவுக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் புடவையை மடித்துக்கொண்டு போன பிறகு, "ஏண்டி, உன்ன யாரும் எதுவும் சொல்லிடக் கூடாதா?" என்றாய். கூடாது. அதுதான் நம் இருவருக்கும் இருந்த வித்தியாசம். 'எனக்குத் தெரியாது', 'நான் செய்தது தப்பு' என்பதெல்லாம் உன் வாயில் வெகு சுலபமாக வரும். எனக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி.

நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நீ இருந்தவரை இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நான் நாள் முழுக்கக் கணக்குப் போட்டு வந்து சேரும் இடத்துக்கு நீ பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நாலு அம்பு வரைந்து வந்துவிடுவாய். ஆனால் புரோகிராம் எழுதுவதில் உனக்குப் பொறுமை கிடையாது. அது என் கோட்டை. அந்த ஒரு கோட்டையை வைத்துத்தான் நான் உன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இனி அந்தக் குறி. நம் துறைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத ஒரு தப்பு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் எவ்வளவு பலமாக ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதற்கு ஓர் எண் போடுவோம். அந்த எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால், இரண்டும் ஒரே திசையில் நிற்கும் என்று பாதிப் பேர் பொருள் கொள்வார்கள். மீதிப் பேர் அதே கூட்டல் குறிக்கு, இரண்டும் எதிரெதிராக நிற்கும் என்று பொருள் கொள்வார்கள். இரண்டுமே சரி. யார் எந்த வழக்கத்தில் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். நீ முதல் வருடமே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டாய். ஒரே திசை என்றால் வடகலை, எதிர்த்திசை என்றால் தென்கலை. நாம் இருவரும் எந்த நாமமும் போடாத வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர்களில் நமக்குக் கூடுதல் குஷி. புதிதாக ஒரு கட்டுரை வந்தால், "இவரு வடகலையா தென்கலையா, மொதல்ல அதப் பாரு" என்பாய். நம் கைடு தென்கலை. அவர் அறையில் எல்லாருமே தென்கலை.

நாம் இருவரும் பயன்படுத்திய அளவுகள் வேறோர் ஊர் ஆய்வுக்கூடத்தார் அளந்து வெளியிட்ட அட்டவணையில் இருந்தன. அவர்கள் வடகலை. ஒவ்வொரு முறையும் குறியை மாற்றி மாற்றிப் போட எனக்குச் சலிப்பாக இருந்தது. அதனால் என் புரோகிராமுக்குள்ளேயே ஒரு கழித்தல் குறியைப் போட்டு வைத்தேன். அட்டவணையில் இருப்பதை அப்படியே கொடுத்தால் போதும், அது உள்ளே தானாக மாற்றிக்கொள்ளும். மறந்துவிடாமல் இருக்க, பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பும் எழுதினேன்: 'உள்ளேயே தென்கலை ஆக்கியாச்சு, வெளியே மாத்தாதே.' பிறகு நீ புரோகிராமைக் கேட்டாய். கைடு கண்ணில் பட்டால் திட்டுவார் என்று என் தமிழ்க் கிறுக்கல்களை எல்லாம் அழித்துவிட்டு உனக்கு ஒரு பிரதி கொடுத்தேன். உள்ளே ஒரு கழித்தல் குறி இருப்பதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே அல்ல, நானே மறந்துபோயிருந்தேன். இந்தக் கடிதத்தில் எனக்குச் சாதகமாக வரப்போகிற வாக்கியம் இது ஒன்றுதான்.

அதை வைத்துக்கொண்டு நீ கண்டுபிடித்தது அழகானது. அடுக்கடுக்காக முக்கோணங்கள் உள்ள ஒரு படிகத்தில், காந்தங்கள் ஒரே பக்கமும் நிற்கவில்லை, எதிரெதிராகவும் நிற்கவில்லை. அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போய், ஓர் அடுக்கில் மனம் மாறியதுபோலத் திரும்பி எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பித்தன. அதற்குமுன் யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. நீ அதை முதலில் எனக்குத்தான் காட்டினாய். நான் "நல்லா இருக்குது" என்றேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நம் நிறுவனத்துக்கு வந்திருந்தார். போகும்போது தன் குழுவுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒருவர் நம் இருவரில் ஒருவர்தான் என்பதும் தெரியும். செவ்வாய்க்கிழமை உன் செமினார், வியாழக்கிழமை என்னுடையது. நீ பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் உன் படங்களைப் பார்க்கவில்லை. அவர் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். திரையில் உன் சமன்பாடு நம் அறை வழக்கப்படி தென்கலையில் இருந்தது. அதன் கீழே அட்டவணை எண்கள், வடகலையில். "இந்த எண்களைக் குறி மாற்றிக் கொடுத்தாயா, அப்படியே கொடுத்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "அப்படியேதான் கொடுத்தேன்" என்றாய். "அப்படியானால் உன் சுழல் என்பது குறியில் நேர்ந்த பிழை. சரியான குறியைப் போட்டால் உன்னிடம் எதுவும் மிஞ்சாது" என்றேன். 'எதுவும் மிஞ்சாது' என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 'சரிபார்க்கவும்' என்றால் போதும். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அந்த நொடியில் நீ செய்தது தப்பு என்று நான் உண்மையாகவே நம்பினேன், சந்தோஷமாக நம்பினேன். நீ திரையைத் திரும்பிப் பார்த்தாய், கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாய், "ஆமாம், மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். பேராசிரியர் தன் பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

வெளியே தண்ணீர்க் குழாய் அருகில் என் தோளைத் தட்டினாய். "தென்கலைல வடகலையக் கொண்டாந்து போட்டுட்டேனாடி? நல்ல வேள, அச்சுல வர்றதுக்கு முன்னாடி புடிச்ச" என்றாய். உன் மூக்கு சிவந்திருந்தது. சாயங்காலமே குறியை மாற்றி மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினாய்: 'நீ சொன்னதுதான் கரெக்ட். சுழல் போயிடுச்சு. எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கினு நிக்குதுங்க.' போகாமல் என்ன செய்யும்? வெளியே நீ ஒரு முறை மாற்றினாய், உள்ளே என் கழித்தல் குறி அதை மறுபடியும் மாற்றியது. இரண்டே இரண்டு காந்தங்களை வைத்துச் சோதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உனக்கே தெரிந்திருக்கும். உன்னை நம்பாமல் என்னை ஏன் நம்பினாய்? உன்மேல் எனக்கு இன்னும் இருக்கிற கோபம் இது. இப்படிக் கோபப்பட எனக்கு வெட்கமாகவும் இல்லை.

புதன்கிழமை நீ வரவில்லை. ஊருக்குப் போயிருந்தாய். என் செமினாருக்கு ஒரு படம் வேண்டுமென்று மதியம் என் பழைய புரோகிராமைத் திறந்தேன். 'உள்ளேயே தென்கலை ஆக்கியாச்சு, வெளியே மாத்தாதே.' நானே எழுதியது. மூன்று முறை படித்தேன். உன் எண்களை அப்படியே கொடுத்து ஓட்டினேன். நீ காட்டிய சுழல் என் திரையில் வந்து நின்றது. தப்பு உன்னுடையது அல்ல, என்னுடையது. அதுவும் ஊரறிய, கை தூக்கிச் செய்த தப்பு.

போனை எடுத்தேன், உன் பெயர் வரைக்கும் போனேன், கீழே வைத்தேன். வியாழக்கிழமை முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வியாழன் முடிந்தது. வெள்ளிக்கிழமை பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கடிதம் கைக்கு வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. விசா வரட்டும் என்று நினைத்தேன். அதுவும் வந்தது. இதற்கு நடுவே நீ அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாய், கைடு வேறு கணக்கு கொடுத்தார், அது உனக்கு ஓடவில்லை. 'கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வரேன்' என்று ஹாஸ்டலைக் காலி செய்தாய். நீ பெட்டி கட்டும்போது நான் உன் புத்தகங்களை அடுக்கிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாம் இருவர் மட்டும்தான் அறையில் இருந்தோம்.

நான் கிளம்பியபோது என் அப்பா ஓரிக்கைக் கூட்டு ரோட்டில் 'காந்த விஞ்ஞானி' என்று எனக்கு பிளக்ஸ் வைத்தார். டியூஷன் சென்டர் வேலைக்குப் போகும் வழியில் அதைப் படம் எடுத்து அனுப்பினாய். 'மூஞ்சி உன்னுது, ஆனா மூக்கு யாருதுடி?' அவ்வளவுதான் எழுதியிருந்தாய், வேறு எதுவும் இல்லை. நான் விமான நிலையத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. ஐந்தாம் நாள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்களாம். அம்மா போனில் சொன்னார்: "உன் ஃப்ரெண்டு போயிட்டாடி." எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி அவளுக்குத் தெரியவே போவதில்லை என்ற நிம்மதி. அன்று மதியம் எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன். அழுகை ஒரு வாரம் கழித்து வந்தது, அதில் பாதி உனக்காக.

பிறகு உன் சுழலை நான் எழுதினேன். அளவுகளைச் சற்று மாற்றி, படங்களை வேறு கோணத்தில் போட்டு, என் ஒருத்தி பெயரில் அனுப்பினேன். அனுப்பும் முன் கைடு போனில் கேட்டார், "இது அவளோட பழைய ஐடியா இல்லம்மா?" என்று. "ஆமா சார். ஆனா அவ போட்டதுல குறி தப்பு. நான் வேற வழில வந்தேன்" என்றேன். "பாவம், நல்ல பொண்ணு" என்றார் அவர். கட்டுரையின் கடைசியில் உனக்கு நன்றி சொன்னேன், 'பயனுள்ள உரையாடல்களுக்காக' என்று. அந்தக் கட்டுரைக்காகத்தான் எனக்கு இப்போது சென்னையில் நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

வேலை கிடைத்த சேதியை உன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி அம்மா ஒரு வாரமாகப் பிடுங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் டப்பாவோடு போனேன். உன் தெருவில் எதுவும் மாறவில்லை. சாயத் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா தறியில் இருந்தார், தலையை மட்டும் அசைத்தார். உன் அம்மா என் கன்னத்தைத் தடவி உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தார். நூல் வாங்க வந்திருந்த அடுத்த தெரு அக்கா ஒருவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"இதான்க்கா அந்தப் பொண்ணு. எங்க பொண்ணு கணக்குல தப்பு பண்ணப்போ இதுதான் எடுத்துச் சொல்லி மானத்தக் காப்பாத்துச்சு. இல்லன்னா ஊரே சிரிச்சிருக்கும்மா, அவதான் காப்பாத்துனான்னு சொல்லிக்கினே இருக்கும் எங்க பொண்ணு. ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கச் சொல்லோகூட உன் பேச்சுதான் கண்ணு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றார். பொறாமையை, பொய்யை, அடுத்தவள் உழைப்பை எல்லாம் விழுங்கிச் செரித்தவள் நான். அந்த வாழ்த்து மட்டும் இறங்கவில்லை. அந்த அக்கா போகும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, அது தப்பாப் போடல. தப்பு என்னுது. அது சரியாத்தான் போட்டிருந்துது" என்றேன்.

"என்னா கண்ணு?"

"அந்தக் கணக்கு. அன்னிக்கு அது சரியாத்தான் போட்டிருந்துது. நான்தான் தப்புன்னு சொல்லிட்டேன்."

திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். உன் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "சரியாத்தான் போட்டிருந்துச்சா? நெஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தறிப்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "என்னாங்க, கேட்டீங்களா? நம்ம பொண்ணு சரியாத்தான் போட்டிருந்துச்சாம்! கணக்கு சரியாம்!" ரிசல்ட் வந்த நாளில் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாரே, அதே குரல்.

தறிச் சத்தம் நின்றது. உன் அப்பா மெதுவாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் எதிரில் நின்று, கோபம் இல்லாமல், விவரம் தெரிந்துகொள்கிற மாதிரிக் கேட்டார்:

"இது உனக்கு எப்பம்மா தெரியும்?"

இந்த ஊரில் எனக்குப் பொய் சொல்ல வராமல் போன ஒரே தருணம் அது.

"மறுநாளே" என்றேன்.

"மறுநாளேன்னா?"

"செமினாருக்கு மறுநாளே. அது உயிரோட இருக்கச் சொல்லோ."

உன் அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே நின்று, பிறகு போனது. அவர் என்னைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த டியூசன்ல கணக்கு எடுக்கச் சொல்லி எவ்ளோவோ கேட்டாங்கம்மா. மாட்டேன்னுட்டுது. இங்கிலீஷ்தான் எடுத்துச்சு. ஏண்டி, இவ்ளோ படிச்சுட்டு கணக்கு எடுக்கக் கூடாதான்னு நானுங்கூடக் கேட்டேன். எனக்குக் கணக்கு வராதும்மா, புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துடுவேன்னுச்சு. நானும் அத நம்பிட்டேன்."

உன் அப்பா தறிக்குத் திரும்பிப் போனார். ஆனால் தறி ஓடவில்லை. நான் கொண்டுவந்த ஸ்வீட் டப்பா பிரிக்காமல் தரையில் இருந்தது. கட்டுரையைத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன், உன் பெயரை முதலில் போடுகிறேன் என்றெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதைக் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன். எழுதத்தான் போகிறேன். வேலை போனால் போகட்டும் என்று துணிச்சலாகச் சொல்ல மாட்டேன். போகாமல் இருந்தால் சந்தோஷப்படுவேன். நான் யார் என்பது உனக்கு இப்போது தெரியும்.

எழுந்தேன். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு வாசலில் சொல்லி வந்ததை, வாய்ப் பழக்கத்தில், அன்றும் சொன்னேன்.

"போயிட்டு வரேம்மா."

உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரிக்குக்கூட நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'வா' என்பதை ஒட்டாமல் அந்தச் சொல்லை வெறுமனே சொல்ல யாருக்கும் நாக்கு வராது.

"போ" என்றார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸில் அந்தச் சொல்லோடுதான் போகப்போகிறேன்.